டிரஸ்டுக்கு வெளிநாட்டுக் காசு வந்தா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) என்ன கேக்குது, எதுக்குக் கேக்குது

சின்னதா டிரஸ்ட் நடத்துறவங்க நெறைய பேர் என்கிட்ட கேக்கறது இதுதான், "நாங்க சாயங்காலம் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கறோம், எங்களுக்கும் தீவிரவாதத்துக்கும் என்னங்க சம்பந்தம், பேங்க்ல ஏன் இத்தனை பேப்பர் கேக்கறாங்க?" நியாயமான கேள்விதான்.

இதோட வேர் 2001ல இருக்கு. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த அடுத்த மாசமே எஃப்ஏடிஎஃப், அதாவது கறுப்புப் பணத்துக்கும் தீவிரவாத நிதிக்கும் எதிரா நாடுகளுக்கு விதி போடற பாரிஸ் அமைப்பு, தொண்டு நிறுவனங்களுக்குன்னே தனியா ஒரு பரிந்துரை கொண்டு வந்துச்சு, இப்ப அது 8ஆம் பரிந்துரை. தொண்டு நிறுவனங்கள தீவிரவாதிங்க ரொம்ப சுலபமா பயன்படுத்திக்குவாங்கன்னு மொத்தமா எல்லாரையும் சேத்து அதுல எழுதியிருந்தாங்க. பல நாட்டு என்ஜிஓக்கள் கூட்டணியா சேந்து வருஷக்கணக்கா வாதாடினதுல 2016ல அந்த வாசகம் போச்சு, 2023 நவம்பர்ல இன்னும் தெளிவா திருத்தினாங்க. ஆபத்து எங்க இருக்கோ அங்க, அதோட அளவுக்குத் தகுந்த மாதிரிதான் கட்டுப்பாடு போடணும், நேர்மையா நடக்கற வேலைய முடக்கக் கூடாதுன்னு.

நம்ம நாட்டுல தீவிரவாத நிதிய நேரடியா புடிக்கறது யுஏபிஏ சட்டம். எஃப்சிஆர்ஏ அதுலேருந்து தனிச் சட்டம், 1976ல வந்து 2010ல புதுசா எழுதினது, வெளிநாட்டு நன்கொடைய மட்டும் பாக்கும். ஆனா 2020 திருத்தத்துல அது ரொம்ப இறுகிடுச்சு. பணம் டெல்லி சன்சத் மார்க்ல இருக்கற எஸ்பிஐ மெயின் கிளையில உள்ள கணக்குலதான் முதல்ல விழணும், அங்கேருந்துதான் உங்க ஊர் பேங்க் கணக்குக்கு மாத்திக்கலாம். வாங்கின பணத்த இன்னொரு டிரஸ்டுக்குக் குடுக்கவே கூடாது. என்னைக் கேட்டா இதுதான் பெரிய அடி, ஏன்னா பெரிய அமைப்பு வாங்கி கிராமத்துக் குழுக்களுக்குப் பிரிச்சுக் குடுத்த வழி மொத்தமா அடைஞ்சு போச்சு. 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் இந்தத் திருத்தம் செல்லும்னுட்டாங்க, நிர்வாகிங்க ஆதார் குடுக்கணும்ங்கறதுல மட்டும், அதுக்குப் பதிலா இந்திய பாஸ்போர்ட்டும் காட்டலாம்னு ஒரு தளர்வு.

வெளிநாட்டு நன்கொடையில நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் இருந்தது இப்ப 20தான். இங்கதான் கணக்கு எழுதறவங்க குழம்பறாங்க. உங்க டிரஸ்ட் ஸ்கூல் நடத்துதுன்னா டீச்சர் சம்பளம் நிர்வாகச் செலவுல வராது, ஆஸ்பத்திரின்னா டாக்டர் சம்பளமும் வராது, ஆனா அக்கவுண்டன்ட் சம்பளம், ஆபீஸ் வாடகை, கரன்ட் பில், ஆடிட்டர் பீஸ் எல்லாம் வரும். அதனால வவுச்சர் போடும்போதே யாருக்கு, என்ன வேலைக்குன்னு எழுதிடுங்க, "சம்பளம்"னு மொட்டையா எழுதி வெச்சா வருஷக் கடைசியில பிரிக்க முடியாது.

அடுத்தது யார் குடுத்தா அது வெளிநாட்டுக் காசுங்கறது. சிங்கப்பூர்ல வேலை பாக்கற உங்க அண்ணன் இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்து, தன் சேமிப்புலேருந்து பேங்க் மூலமா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை இல்ல. அவரே சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டார்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கறது) இருந்தாலும் சரி, ஊருக்கு வந்து ரூபாயாவே குடுத்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடைதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரஸ்ட்ல ஆண்டு விழா மேடையில ஒரு அமெரிக்க மாமா கவர்ல ரூபா நோட்டா குடுத்தார், எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாம வாங்கக் கூடாதுன்னு யாருக்குமே தோணல, எல்லாரும் கை தட்டினாங்க. ரசீது போடறதுக்கு முன்னாடி "எந்த நாட்டு பாஸ்போர்ட் சார்?"னு ஒரு வார்த்தை கேளுங்க, தப்பே இல்ல.

உள்ளூர் நன்கொடை மட்டும் வாங்கறவங்ககிட்டயும் பேங்க்காரங்க தர்பன் போர்ட்டல் (தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக் வெப்சைட்) விவரம் கேக்கறாங்கல்ல, அது 2023 மார்ச்ல கறுப்புப் பணத் தடுப்பு விதிகள்ல வந்த மாற்றம். தொண்டு நிறுவன வாடிக்கையாளர் விவரத்த பேங்க் அதுல பதியணும்.

2024 செப்டம்பர்ல எஃப்ஏடிஎஃப் இந்தியாவப் பத்தி ரிப்போர்ட் போட்டாங்க, பல விஷயத்துல நல்ல மார்க், ஆனா 8ஆம் பரிந்துரையில பாதி மார்க்குதான். ஆபத்தப் பாத்து அதுக்கேத்த மாதிரி நடவடிக்கை எடுக்கணும், தொண்டு நிறுவனங்களக் கூப்பிட்டு அவங்களுக்கு என்ன ஆபத்துன்னு விளக்கணும்னு சொல்லியிருக்காங்க. அப்படி ஒரு கூட்டம் உங்க மாவட்டத்துல நடத்துங்கன்னு தாராளமா மனு எழுதலாம், அது சலுகை இல்ல, அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை.

எஃப்சிஆர்ஏ பதிவு 5 வருஷம்தான், முடியறதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே புதுப்பிக்க அப்ளை பண்ணிடுங்க. எஃப்சி-4, அதாவது வெளிநாட்டு நன்கொடைக்கான வருஷக் கணக்கு, ஒவ்வொரு டிசம்பர் 31க்குள்ள போகணும், அந்த வருஷம் ஒத்த ரூபா வரலன்னாலும் வரலன்னு எழுதி அனுப்பணும்.