வெள்ளம் வடிந்த பிறகு கரை ஏன் சரிகிறது?

கொள்ளிடக் கரையோர ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆறு இரு கரையும் தொட்டு ஓடிய நாளெல்லாம் கரை அசையவில்லை. தண்ணீர் இறங்கி, ஊரே அப்பாடா என்று மூச்சு விட்ட மறுநாள் ஒரு துண்டு நிலம் தென்னையோடு ஆற்றுக்குள் போய்விட்டது. வெள்ளத்தில் நின்ற கரை வெயிலில் ஏன் விழ வேண்டும்?"

அருமையான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால், கரையை எப்படிக் காப்பது என்பதில் பாதி தெரிந்த மாதிரி.

அரிப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக ஓடும், அங்கே கரையின் அடிமண் கரையும். டெல்டா ஆறுகளில் பல இடங்களில் கரையின் கீழடுக்கு மணல், மேலடுக்கு வண்டலும் களியும். மணல் சுலபமாகப் போய்விடும், மேல்மண் திண்ணைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளம் ஓடும்போதே இந்த வேலை நடந்து முடிந்துவிடுகிறது. ஆனாலும் கரை உடனே விழுவதில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல் வீட்டைப் பாருங்கள். காய்ந்த மணலில் சுவர் நிற்காது, நீரில் மூழ்கிய மணலிலும் நிற்காது. ஈர மணலில் மட்டும் நிற்கும். இரண்டு மணல் துகள்கள் தொடும் இடத்தில் துளியூண்டு நீர் பாலம்போல ஒட்டியிருக்கிறது. பரப்பு இழுவிசையால் அந்த நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைந்து, துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. கோடையில் ஆற்றங்கரை செங்குத்தாக நிற்பதில் இந்த உறிஞ்சுவிசைக்குப் பெரிய பங்கு உண்டு. மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலத்துக்கு ஒட்டுவிசை என்று பெயர்; உறிஞ்சுவிசையும் இதில் சேரும். துகள்கள் சறுக்காமல் தடுக்கும் உராய்வின் அளவுக்கு உராய்வுக் கோணம் என்று பெயர். மண்ணின் ஒட்டுவிசை 10 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 25 பாகை என்று வைத்துக்கொண்டால், செங்குத்தான கரை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம்வரை நிற்கலாம் என்கிறது மண் இயக்கவியலின் சூத்திரம். ஒட்டுவிசை பாதியானால் அந்த உயரமும் பாதியாகிவிடும்.

இப்போது வெள்ளம் வருகிறது. நீர் கரைக்குள் ஊறுகிறது. துளைகள் நிரம்பியதும் அந்தக் குட்டிப் பாலங்கள் மறைகின்றன, உறிஞ்சுவிசை போயே போய்விடுகிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. அப்போதே விழுந்திருக்க வேண்டிய கரையை விழாமல் தாங்குவது யார் தெரியுமா? ஆறுதான்! நிறைந்து ஓடும் நீர் பக்கவாட்டில் கரையை அழுத்தி முட்டுக்கொடுக்கிறது. அடியை அரித்த அதே நீர்தான் மேலே தாங்கியும் நிற்கிறது.

மேட்டூரில் மதகை இறக்குகிறார்கள். ஆற்றில் மட்டம் மளமளவென்று குறைகிறது. கரைக்குள் ஊறிய நீரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வெளியேற முடியாது. களிமண் வழியே நீர் கசியும் வேகம் மணலில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. வெளியே முட்டு போய்விட்டது, உள்ளே நீர்மட்டம் உயரத்திலேயே நிற்கிறது. அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ள, உராய்வு குறைகிறது. கரை விளிம்புக்கு இணையாக மேலே ஒரு விரிசல் ஓடும், கீழே கரை மண்ணிலிருந்து கலங்கலாக நீர் கசியும். பிறகு முழுத் துண்டாக இறங்கும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் குட்வின் கிரீக் என்ற ஓடையின் கரைக்குள் ஆண்ட்ரூ சைமனும் அவருடைய சகாக்களும் நீரழுத்தம் அளக்கும் கருவிகளைப் புதைத்து, பல ஆண்டுகள் பதிவு செய்தார்கள். வெள்ளம் இறங்குமுகத்தில் இருக்கும்போது கரை எப்படிப் பலமிழக்கிறது என்று எண்களாகவே காட்டிய ஆய்வு அது. நம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் இப்படிக் கருவிகள் புதைக்கப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உடைப்பு எடுத்ததும் சவுக்குக் கட்டை அடித்து மணல் மூட்டை அடுக்கப் பணம் வந்துவிடுகிறது. எந்த வளைவு அடுத்து விழும் என்று முன்கூட்டியே அளக்கத்தான் பணம் கிடைப்பதில்லை. "ஆறு காவு கேட்கிறது" என்ற பேச்சு இன்னும் ஓயாததற்கு இந்த அளவீடுகள் இல்லாததும் ஒரு காரணம் என்பேன்.

சரி, கரையைக் காப்பது எப்படி? முதலில் அடியைக் கட்ட வேண்டும். ஆற்றின் படுகை மட்டத்துக்கும் கீழே தோண்டி, வெள்ளம் உருட்ட முடியாத கனத்தில் கற்களைப் போட வேண்டும். அடுத்தது, உள்ளே ஊறிய நீர் மண்ணை இழுத்துக்கொண்டு வராமல் வெளியேற வழி வேண்டும். அதற்காகத்தான் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே சரளை அடுக்கோ வடிகட்டித் துணியோ போடுகிறார்கள். இதைப் போடாத கற்பதிப்பில் இடுக்கு வழியே மண் கசிந்து போய், கற்கள் உட்கார்ந்துவிடும். வடிகால் துளை இல்லாத கான்கிரீட் சுவர் இன்னும் மோசம். வெள்ளம் வடிந்ததும் உள்ளே தேங்கிய நீர் முழுவதும் அந்தச் சுவரின் முதுகில்தான் சாயும்.

மேல் சரிவைச் சாய்வாக வெட்டிய பிறகு செடிகளின் முறை. வெட்டிவேர் இதில் கெட்டிக்காரப் புல். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக 3 மீட்டர்வரை இறங்கும். அதன் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் பலம், சராசரியாக 75 மெகாபாஸ்கல், அதாவது மென்எஃகில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. வியட்நாமின் மெக்கோங் டெல்டாவில் கரைகளைக் காக்க இதை நட்டிருக்கிறார்கள். நிழலில் மட்டும் தேறாது, நல்ல வெயில் வேண்டும். செடிகள் மண்ணின் நீரை உறிஞ்சி, இழந்த உறிஞ்சுவிசையையும் மீட்டுத் தருகின்றன. ஆனால் வேர் எட்டாத ஆழத்தில் அடி அரிக்கப்பட்டால் புல்லும் மண்ணோடு சேர்ந்தே இறங்கும். மணல் அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கும் இடங்களில் நடப்பது இதுதான். படுகை ஒரு மீட்டர் தாழ்ந்தால் கரை ஒரு மீட்டர் உயர்ந்ததாகத்தான் அர்த்தம். மேலே சொன்ன மூன்றரை மீட்டர் கணக்கில் அதைக் கூட்டிப் பாருங்கள்! மணல் அள்ளுவதை நிறுத்தாமல் கரைக்குக் கல் பதிப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட வாசகருக்கு: தண்ணீர் இறங்கிய பிறகும் சில நாட்கள் கரை விளிம்பில் மாடு கட்டாதீர்கள், டிராக்டர் ஓட்டாதீர்கள். விளிம்புக்கு இணையாக விரிசல் தெரிந்தால் உடனே நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள். கல் பதிக்க வரும்போது, அடியில் வடிகட்டித் துணி விரிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.