லூமென் எண்ணைப் பார்த்து டைவ் டார்ச் வாங்காதீர்கள்

ஸ்கூபாவுக்கு, அதாவது காற்று உருளையோடு நீருக்கடியில் நீந்துவதற்கு, முதல் டார்ச் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமென் எண்ணைத்தான். லூமென் என்பது டார்ச் தரும் மொத்த ஒளியின் அளவு. 10000 லூமென் என்று போட்டிருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரியின் ஓர் அளவு). அந்த எண்ணை நம்ப வேண்டாம். நல்ல 18650 பேட்டரி 3.6 வோல்ட், 3500 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் 12.6 வாட்-மணி. எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொண்டால், 1000 லூமெனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். 10000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும், அதாவது 28 ஆம்பியர். இந்த வகை பேட்டரி பொதுவாகத் தாங்குவது 8 முதல் 10 ஆம்பியர்தான். 18650 அளவில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது போலி, சார்ஜரில்கூடப் போடாதீர்கள்.

லூமெனைவிட முக்கியம் ஒளியின் கோணம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குக் கிட்டத்துக் கடல் தொண்டிதான். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அடியில் சேறு, காற்றடித்தால் தண்ணீர் கலங்கிவிடும். 120 டிகிரிக்கு விரியும் வீடியோ லைட்டை அங்கே எரியவிட்டால் கண் முன்னே வெள்ளைத் திரைதான் தெரியும். மார்கழிப் பனியில் ஹைபீம் போட்டு ஓட்டுவது மாதிரி. கலங்கலுக்கு 6 முதல் 10 டிகிரிக் குறுகிய ஒளியே சரி. 1000 லூமென் தாராளம். டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடியுங்கள், மிதக்கும் துகள் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணுக்குள் வருவது குறையும். அகன்ற ஒளி வேண்டியது தெளிந்த நீரில் பவளப்பாறையை வீடியோ எடுக்கத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடுவதால் அங்கே பகலிலும் டார்ச் தேவைப்படும்.

நீர் புகாத் தரத்தைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்8 என்ற முத்திரை மட்டும் இருந்தால் அது டைவ் டார்ச் ஆகிவிடாது. எத்தனை மீட்டர் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மொத்தம் நான்கு மடங்கு. 100 மீட்டர் என்று குறித்த டார்ச்சே எங்கள் பரிந்துரை. மூடியில் இரண்டு ஓ-ரிங் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உள்ளதா என்று கழற்றிப் பாருங்கள்.

டார்ச் கெடுவது பெரும்பாலும் இந்த ஓ-ரிங்கில்தான். வெள்ளைத் துணி விரித்து, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஊசியால் நெம்பாதீர்கள், கீறல் விழும். இரண்டு விரலால் ரப்பரை ஒரு பக்கமாகத் தள்ளினால் எழும்பி வரும். விரலிடுக்கில் மெல்ல உருட்டிக்கொண்டே போனால் மணல், உப்புத்துகள், தலைமுடி எதுவானாலும் தட்டுப்படும். அது உட்காரும் பள்ளத்தையும் பஞ்சு ஒட்டாத துணியால் துடையுங்கள். மிளகளவு சிலிகான் கிரீஸ் போதும். ரப்பர் பளபளக்க வேண்டும், கிரீஸ் திட்டாகத் தெரியக் கூடாது. அதிகம் பூசினால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும். ஓ-ரிங்கே சிலிகானில் செய்ததாக இருந்தால் சிலிகான் கிரீஸில் அது உப்பிவிடும். அப்போது தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ்தான். வாஸ்லின், தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

புது டார்ச்சில் பேட்டரி போடாமல், உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ வைத்து மூடி, அண்டாத் தண்ணீரில் ராத்திரி முழுக்க அமிழ்த்தி வையுங்கள். ஆழத்து அழுத்தத்துக்கு இது சோதனை ஆகாது. ஆனால் அழுத்தமே ஓ-ரிங்கை இறுக்கும் என்பதால், சில கசிவுகள் ஆழத்தைவிட மேல்மட்டத்தில்தான் காட்டும்.

பேட்டரியை வீட்டிலேயே போட்டு மூடுங்கள். கடற்கரையின் ஈரக்காற்றோடு மூடினால் தண்ணீருக்குள் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படியும். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் கிடந்த டார்ச்சை அப்படியே நீரில் போடவும் கூடாது. உள்காற்று சட்டென்று சுருங்கி நீரை இழுக்கும். அதிக சக்தி டார்ச்சைத் தரையில் நெடுநேரம் எரிய விடாதீர்கள், அதைக் குளிர்விப்பதே தண்ணீர்தான்.

இரவு டைவில் ஆளுக்கு இரண்டு டார்ச். பெரியது அணைந்தால் சின்னதை எரித்துக்கொண்டு டைவை முடிக்க வேண்டும், தொடரக் கூடாது. ‘எல்லாம் சரி’ என்பதற்கு ஒளியால் மெதுவாக ஒரு வட்டம். ஆபத்துக்கு இடவலமாக வேகமாக ஆட்டல். கைச்சைகை காட்டும்போது உங்கள் கையின் மேல் ஒளி படட்டும், எதிரிலிருப்பவர் கண்ணில் அல்ல. காந்த சுவிட்சு உள்ள டார்ச்சைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள்.

உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அணைத்துவிட்டு மேலே வாருங்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் காரைக்குடியில் இந்த வேதியியல் பலருக்குத் தெரியும்: மின் முனைகளில் உப்புநீர் பட்டால் மின்பகுப்பு நடந்து ஹைட்ரஜன் சேரும், மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறும். மூடியை யார் முகத்துக்கும் நேராகக் காட்டாமல், திறந்த வெளியில் மெல்ல மெல்லத் திருகுங்கள். நனைந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. அந்தமானுக்கு விமானத்தில் போகிறவர்கள் உதிரி பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் கொண்டு போங்கள். செக்-இன் பெட்டியில் அனுமதியில்லை.

வீட்டில் நல்ல டார்ச் இருக்கிறது என்று பாழ்கிணற்றிலோ ஊருணியிலோ இறங்கத் துணியாதீர்கள். தூர்வாராத கிணற்றில் பிராணவாயு குறைந்திருக்கலாம், நச்சுவாயு தேங்கியிருக்கலாம். எல்இடி அங்கேயும் பளிச்சென்றுதான் எரியும், எந்த எச்சரிக்கையும் தராது. ஊருணியில் அடிச்சேறு ஒரு காலசைப்பில் கிளம்பினால் எந்த டார்ச்சுக்கும் ஒரு முழம் தாண்டித் தெரியாது. குடமோ வாளியோ விழுந்தால் பாதாளக் கரண்டி போடுங்கள். ஆள் விழுந்திருந்தால் உடனே 112-ஐ அழைத்து, தீயணைப்பு வீரர்கள் வரும்வரை மேலிருந்தபடியே கயிறும் காற்றடைத்த டியூபும் இறக்குங்கள்.