பயாஸ்கோப்: பெட்டியா, படமா, கொட்டகையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சினிமாவுக்குப் போவதைக் கடைசிவரை 'பயாஸ்கோப்புக்குப் போறது' என்றுதான் சொன்னார். எழுபதுகளில் பையன்கள் அதையும் நறுக்கி 'பயோ' ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவருக்கு இது விளங்கவில்லை. அவர் ஊர்த் திருவிழாவில் பயாஸ்கோப் என்றால் துளை வழியே எட்டிப் பார்க்கும் பெட்டி. "குனிஞ்சபடியே மூணு மணி நேரமா பாத்தீங்க?" என்று கேட்டார்.

வேர் கிரேக்கம். 'பயோஸ்' என்றால் உயிர், வாழ்க்கை. 'ஸ்கோபைன்' என்றால் பார்த்தல். தொலைநோக்கி, நுண்ணோக்கி என்கிறோமே, அந்த 'நோக்கி'தான் இந்த 'ஸ்கோப்'பும். நேராகப் பெயர்த்தால் 'உயிர்நோக்கி'. ஆஸ்பத்திரிக் கருவி போல ஒலிக்கிறது. இதற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

1895 நவம்பரில் ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் பெர்லினில் படம் காட்டிய கருவிக்கு இந்தப் பெயர்தான். பிறகு கருவியின் பெயர் காட்சிக்கும் ஆனது. 1905இல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியும் படச்சுருளும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். அங்கே சலனப்படம், பேசும்படம், சினிமா என்று அடுத்தடுத்து வந்து பழைய சொல்லை ஒதுக்கிவிட்டன.

தென்னாப்பிரிக்காவில் அது கட்டடத்தின் பெயராகிவிட்டது. டச்சிலும் ஆப்பிரிக்கான்ஸிலும் திரையரங்குக்கு இதே சொல்தான். தொலைக்காட்சியோ 1976 ஜனவரியில்தான் இங்கே வந்தது. அதுவரை அசையும் படம் பார்க்கக் கொட்டகைக்குத்தான் போகவேண்டும். அது நிறவெறிக் காலம்; வெள்ளையர் அரங்குகளில் நமக்கு இடமில்லை. கிரே ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம் அவலான், ஷா ஜஹான் என்று இந்தியர்களே நடத்திய அரங்குகள்தான் கதி. ஆயா முதல் நாளே சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். என்ன படம் என்று கேட்டால், "போனா தெரியுது" என்பார். அவருக்குப் படம் இரண்டாம்பட்சம்.

அதனால்தான் எங்கள் பயாஸ்கோப்பைத் தமிழில் பெயர்க்கும்போது 'திரைப்படம்' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. 'பயாஸ்கோப்புல என்ன படம் ஓடுது?' என்பதை மாற்றிப் பாருங்கள்: 'திரைப்படத்தில் என்ன படம் ஓடுகிறது?' உளறலாகிவிடும். 'திரையரங்கு' பொருந்தும், ஆனால் அது ஏட்டுச் சொல். என் தேர்வு கொட்டகை. அதுவும் இடம் மாறி வந்த சொல்தான்; ஓலைக் கூரை போட்ட பந்தலைக் குறித்தது, டூரிங் சினிமா வந்ததும் படம் காட்டும் இடமாயிற்று. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறிய வட ஆர்க்காட்டுப் பக்கம் பேச்சில் அது 'கொட்டாய்'. 'கொட்டாய்ல என்ன படம்?' என்று கேட்டுப் பாருங்கள், ஆயா பேசியது போலவே இருக்கும்.

என் மகளிடம் 'பயோ' என்றால் உயிரியல் பாடம். அவள் பாட்டி பயோவுக்கு ஓடினாள் என்று சொன்னால், அவ்வளவு நல்லாப் படிப்பாங்களா என்கிறாள்.