மருந்துக் கிண்ணம் உதவியாளர் கைக்குப் போகும்போது

காலை மருந்து வேளையில் செவிலியர் ஒருவர், நோயாளிகள் பலர். அதனால் மருந்து கொடுக்கும் வேலை உதவிப் பணியாளர்களுக்கும் வருகிறது. பயிற்சி கொடுத்து, கூட நின்று பார்த்து, எழுத்தில் ஒப்படைத்தால் நன்றாகவே செய்வார்கள். "அந்த 4-ஆம் பெட்டுக்கு இதைக் குடுத்துடுங்க" என்று போகிற போக்கில் சொல்வதில்தான் ஆபத்து.

ஒப்படைப்பது குறிப்பிட்ட நோயாளிக்கு, குறிப்பிட்ட மருந்துக்கு மட்டும். உடல்நிலை சீராக இருப்பவருக்குத் தினமும் ஒரே அளவில் போகும் மாத்திரை, கண் சொட்டு மருந்து, களிம்பு, இன்ஹேலர் சரி. ரத்தநாளத்தில் நேராகப் போடும் ஊசியும் புது மருந்தின் முதல் டோஸும் செவிலியரிடமே இருக்கட்டும். 'வலித்தால் கொடுக்கவும்' என்று எழுதிய மருந்தும் அப்படியே. அங்கே இப்போது தேவையா என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. பாராசிட்டமால்தானே என்று கொடுத்துவிடுவார்கள். நோயாளி மதியம் குடித்த சளி மருந்திலும் அதே பாராசிட்டமால் இருந்திருக்கும்.

ஆளை உறுதி செய்வதில் ஒரு சின்ன விஷயம். பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்டால், காது மந்தமானவர் தலையாட்டிவிடுவார். "உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க" என்று கேட்டு, கைப்பட்டையோடும் மருந்துப் பதிவேட்டோடும் ஒத்துப் பாருங்கள்.

விழுங்க முடியவில்லை என்றதும் மாத்திரையைப் பொடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக ரத்தத்தில் சேரும். ரத்தக்கொதிப்பு மாத்திரையாக இருந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, ஆள் மயங்கி விழலாம். பொடிக்கும் முன் கேளுங்கள். சிரப்பாகவே கிடைக்கலாம்.

இன்சுலின் பேனாவைச் சில இடங்களில் ஒப்படைக்கிறார்கள். சரியான பயிற்சி இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து, நுனியை மேலே பார்த்தபடி அழுத்த வேண்டும். துளி வந்த பிறகே கொடுக்க வேண்டிய டோஸுக்குப் பேனாவின் திருகியைத் திருப்ப வேண்டும். குத்தி, பட்டனை முழுக்க அழுத்தி, 10 எண்ணிய பின் ஊசியை எடுக்க வேண்டும். உடனே உருவினால் மருந்து தோலில் வழிந்துவிடும். ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இருந்தாலோ சாப்பாடு இன்னும் வரவில்லை என்றாலோ ஊசி போடாமல் செவிலியரைக் கூப்பிட வேண்டும். டோஸை எழுதும்போது 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். 'U' என்ற ஆங்கிலச் சுருக்கம் பூஜ்யம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும்.

கையெழுத்து, விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான். மேசையில் வைத்துவிட்டு வந்த மாத்திரை தலையணைக்கு அடியில் கிடக்கும். பதிவேட்டில் 'கொடுத்தாயிற்று' என்று இருக்கும். வேண்டாம் என்று மறுத்தால் அப்படியே எழுதி, செவிலியரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டில் ஒளித்துக் கொடுப்பது உங்கள் முடிவாக இருக்கக் கூடாது.

உதவிப் பணியாளர்களுக்கு ஒன்று: ஒப்படைப்புத் தாளில் மருந்தின் பெயர், அளவு, எப்போது நிறுத்த வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கும் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.