தம்பி, பிரிண்டைக் காணோமே!

2008 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. காலை பத்தேகால் இருக்கும். ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன். "தம்பி, பிரிண்டைக் காணோமே! ஃபைல் மெனுவையே காணோம். ஞாயித்துக்கிழமை வந்து என்னத்தப் பண்ணிட்டுப் போனீங்க?"

பண்ணியது இதுதான். அங்கிருந்த ஏழு கணினிகளிலும் ஆஃபீஸ் 2003-ஐ எடுத்துவிட்டு ஆஃபீஸ் 2007-ஐப் போட்டிருந்தேன். உரிமம் வாங்கியாயிற்று, ஞாயிறு விடுமுறை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டேன், அவரும் "சரி" என்றார். அந்தக் கணினிகளில் வேலை பார்க்கிறவர்களிடம் நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வரித் தணிக்கை அறிக்கை கொடுக்க 30-ம் தேதி கடைசி. எட்டே நாள். அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்தத் தொழிலில் நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால், இதற்கு முதல் மூன்றுக்குள் இடம் உண்டு.

அடித்துப் பிடித்துப் போனேன். டைப்பிங் பார்க்கும் அக்கா, திரையின் இடது மேல்மூலையில் மவுஸைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மூலையில் நான்கு வண்ணத்தில் வட்டமாக ஒரு சின்னம் இருந்தது. மவுஸ் அதன் மேலேயே போய்வருகிறது, ஆனால் அழுத்தவில்லை.

"அதைத்தான் அழுத்தணும், அக்கா."

"இதையா? கம்பெனி முத்திரைன்னுல்ல நெனச்சேன்!"

திறப்பது, சேமிப்பது, அச்சிடுவது எல்லாமே அந்த வட்டத்துக்குள்தான் இருந்தன. அழகுக்கு வைத்த முத்திரை என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. ஆஃபீஸ் 2010 வந்தபோது மைக்ரோசாஃப்ட்டே வட்டத்தை எடுத்துவிட்டு அதே மூலையில் 'ஃபைல்' என்ற சொல்லைத் திரும்ப எழுதிவைத்தது.

அடுத்த மேசையில் தலைமைக் கணக்காளர். ஐம்பத்தைந்து வயது. ஏழு பேரில் அதிகம் கத்தப்போகிறவர் இவர்தான் என்று பயந்துகொண்டே போனேன். மனிதர் ஒன்றுமே நடக்காதது போல வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எக்செலில் ஒரு பத்தியை நகலெடுத்தார். ஆல்ட்டை அழுத்தினார், அப்புறம் ஈ, எஸ், வி, என்டர். சூத்திரம் போய் வெறும் எண்கள் ஒட்டிக்கொண்டன. அது ஆஃபீஸ் 2003-ன் 'எடிட்' மெனுவில் 'பேஸ்ட் ஸ்பெஷல்', அதில் 'வேல்யூஸ்' என்று போகும் பழைய வழி. எடிட் மெனு ஒழிந்துவிட்டது. ஆனால் ஆல்ட்டும் ஈயும் அழுத்தியதும் திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து, 'பழைய பதிப்பின் விசைதானே, மேலே அழுத்துங்கள்' என்கிற மாதிரி சொல்லிவிட்டு வழிவிட்டது. அவர் அந்தப் பெட்டியைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

மென்பொருளின் முகம் மாறும்போது வரும் புகாரை நான் புரிந்துகொள்ள ஆரம்பித்தது இந்த இரண்டு மேசைகளுக்கு நடுவில் நின்றபோதுதான். அதுவரை, வயதானவர்கள் மாற்றத்தை ஏற்க மாட்டார்கள், இளசுகள் பழகிக்கொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று அதிகம் திண்டாடியது ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டராவதற்கான பயிற்சியில் இருந்த இருபது வயதுப் பையன்கள். அவர்கள் எல்லாவற்றையும் மவுஸால் செய்பவர்கள், இடத்தை வைத்துப் பழகியவர்கள். கணக்காளரின் விரல்கள் பழகியது விசைகளுக்கு. விசைகளை யாரும் தொடவில்லை, அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டட வரைபடம் போடுகிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஆட்டோகேட் மென்பொருளில் 2009 பதிப்பில் ரிப்பன் வந்தது. மெனுக்களுக்குப் பதிலாகத் திரையின் மேலே பட்டன்களைத் தாவல் தாவலாக அடுக்கிய பட்டைதான் ரிப்பன், ஆஃபீஸ் 2007-லும் அதுதான். கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி என்று கட்டளை வரியில் தட்டியே பழகியவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டூல்பாரில் தேடித்தேடிக் கிளிக் செய்கிறவர்கள்தான் புலம்பினார்கள்.

சமையலறையில் உப்பு டப்பாவை யாராவது இடம் மாற்றிவைத்தால், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கை பழைய தட்டுக்குத்தான் போகும். புது இடம் இன்னும் வசதியான இடமாகவே இருக்கட்டும். அந்த நேரத்தில் எரிச்சல்தான் வரும். பட்டன் இருக்கும் இடத்தை நாம் பெரும்பாலும் யோசித்துத் தேடுவதில்லை, கை போகிறது. அது மாறினால், வேலையில் இருக்க வேண்டிய கவனம் கருவியின் பக்கம் திரும்பிவிடுகிறது. கணக்கில் ஆறாவது வரியில் என்ன போட வந்தோம் என்பதே மறந்துபோகும். ஒருவர் கத்துவது பட்டனுக்காக என்று நமக்குத் தோன்றும், அவருக்கு வலிக்கிறது அந்த ஆறாவது வரி.

நியாயமாகச் சொன்னால், ரிப்பனைக் கொண்டுவந்தவர்களுக்கும் காரணம் இருந்தது. 1989-ல் விண்டோஸுக்கு வந்த முதல் வேர்டில் சுமார் 100 கட்டளைகள். வேர்டு 2003-ல் அது 1500 வரை போய்விட்டது. டூல்பார்கள் மட்டும் 31, பக்கவாட்டில் திறக்கும் பலகைகள் 19. இந்த வடிவமைப்பை முன்னின்று நடத்திய ஜென்சன் ஹாரிஸ் அப்போது இதையெல்லாம் வெளிப்படையாகவே எழுதினார், பேசினார். வேர்டில் மக்கள் கொடுக்கும் கட்டளைகளில் ஏறத்தாழ 32 சதவீதம் ஐந்தே ஐந்துதான் என்று அவர்கள் திரட்டிய பயன்பாட்டுத் தகவல் காட்டியது: ஒட்டு, சேமி, நகலெடு, செய்ததை ரத்துசெய், தடித்த எழுத்து. ஒட்டு மட்டுமே 11 சதவீதத்துக்கு மேல். இன்னொரு பக்கம், ஏற்கெனவே உள்ளே இருக்கிற வசதிகளையே 'சேர்த்துக் கொடுங்கள்' என்று மக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருப்பது கண்ணில் படவில்லை.

அதற்கு முன்பும் ஒரு வைத்தியம் பார்த்தார்கள். ஆஃபீஸ் 2000-ல் மெனுவைத் திறந்தால் அடிக்கடி பயன்படுத்துபவை மட்டும் தெரியும், மற்றவை கீழே இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதற்கேற்ப மெனு தன்னையே மாற்றிக்கொள்ளும். கேட்க அருமையான யோசனை. நடைமுறையில், நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று ஐந்தாவதாக இருக்கும். அந்த நாட்களில் எந்தப் புதுக் கணினிக்குப் போனாலும் நான் முதலில் அணைத்த வசதி அதுதான். ரிப்பனில் அந்தத் தப்பு இல்லை. ஒருமுறை இடம் பழகிவிட்டால் பட்டன் அங்கேயேதான் இருக்கும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு ரிப்பன் மேல் என்பதே இன்றுவரை என் கருத்து. செலவு முழுவதும் ஏற்கெனவே கற்றவர்கள் தலையில் விழுந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தலையிலும் விழுந்தது. பழைய மெனுவில் போனிலேயே வழி சொல்லிவிடலாம்: "டூல்ஸ் போங்க, கடைசியில ஆப்ஷன்ஸ் இருக்கும்." ரிப்பனிலோ ஜன்னல் குறுகினால் பட்டன்களும் சுருங்கும். என் திரையில் பெரிய படமும் பெயருமாகத் தெரிவது, அவருடைய பதினைந்து அங்குலத் திரையில் பெயரில்லாத துளியாகத் தெரியும். "கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே அந்த வருஷம் போனது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்திலும் ஏதாவது ஒரு மென்பொருள் முகம் மாறிக்கொண்டுதான் இருக்கும். அப்போது வரும் புகார்களை ஒரே மூட்டையாகக் கட்டி 'பழகிடும்' என்று தள்ளிவிடாதீர்கள். 'அது எங்கே போச்சு?' என்பது ஒரு வகை. அது பழகிவிடும், பெரும்பாலும் மூன்று வாரத்தில். 'முன்னாடி ஒரு தடவை அழுத்தினேன், இப்ப ஏன் மூணு தடவை?' என்பது வேறு வகை. அது பழகாது. மூன்று வருஷம் கழித்தும் மூன்று தடவைதான். முதல் வகைக்கு ஆறுதலும் ஒரு துண்டுச் சீட்டும் போதும். இரண்டாவதற்கு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளின் 2.8 பதிப்பு 2012 மே மாதம் வந்தது. அதில் 'சேவ்' என்றால் ஜிம்பின் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கும், ஜேபெக் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேலை செய்யும் படத்தின் அடுக்குகள் அழிந்துவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். ஒரு நாளைக்கு நூறு பாஸ்போர்ட் படம் வெட்டுகிற ஸ்டூடியோக்காரருக்கு அடுக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் கோபம் இரண்டாம் வகை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் வலது கிளிக் மெனுவும் அப்படியே. பாதிப் பேருக்கு வேண்டியது 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய்விட்டது. தினமும் நாற்பது முறை வலது கிளிக் செய்பவருக்கு நாற்பது கிளிக் கூடுதல். ஷிஃப்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் பழைய மெனு நேராகத் திறக்கும். சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. புகார் மெனுவைப் பற்றியே இருக்காது. அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் 'புது ஆஃபீஸ் மோசம்' என்று கொதித்தவரிடம் பொறுமையாகக் கேட்டபோது, அவர் அனுப்பிய எக்செல் கோப்பு வாடிக்கையாளரிடம் திறக்கவில்லை என்பது தெரிந்தது. புதிய கோப்பு வடிவம், அங்கே பழைய ஆஃபீஸ். சேமிக்கும்போது பழைய வடிவத்தைத் தானாக எடுக்கும்படி மாற்றிக்கொடுத்தேன். அன்றைக்கே ரிப்பன் அவருக்குப் பிடித்துப்போனது!

கோபத்தை அலட்சியப்படுத்தினால் வருகிற ஆபத்துதான் இதை எழுத வைத்தது. 'பழைய மெனு வேண்டும்' என்று இணையத்தில் தேடி, பெயர் தெரியாத தளத்திலிருந்து எதையோ இறக்கிப் போட்டுவிடுவார்கள். விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்தபோது இது திருவிழாவாகவே நடந்தது. நல்ல கருவிகளும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் சுத்தம் செய்த கணினிகளில் பொத்தானோடு சேர்ந்து விளம்பர நிரல்களும் உட்கார்ந்திருந்தன. ஒரு வருஷத்தில், 2013 அக்டோபரில், 8.1-ல் பொத்தான் அதிகாரப்பூர்வமாகவே திரும்பி வந்தது. இன்னொரு ஆபத்து, புதியதே வேண்டாம் என்று பழையதில் தங்கிவிடுவது. ஆஃபீஸ் 2003-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றன. அதற்குப் பிறகும் மெனு பிடித்திருக்கிறது என்பதற்காகவே அதில் வரும் மின்னஞ்சல் இணைப்புகளைத் திறந்துகொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது நான் மாற்றுகிற முறை வேறு. முதலில், ஒவ்வொருவர் பக்கத்திலும் அரைமணி நேரம் உட்கார்ந்து கையை மட்டும் பார்க்கிறேன். வாயால் கேட்டால் "எல்லாத்தையும் யூஸ் பண்ணுவேன்" என்பார்கள். கையைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கட்டளைதான். அந்தப் பன்னிரண்டையும் 'பழைய இடம், புது இடம்' என்று ஒரே தாளில் அச்சிட்டுத் திரை ஓரம் ஒட்டுகிறேன். ரிப்பனில் ஒரு பட்டன் மேல் வலது கிளிக் செய்தால், மேலே இருக்கும் சின்ன வரிசையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஆல்ட்டும் 1-ம், ஆல்ட்டும் 2-ம் என்று எண்ணாலேயே கூப்பிடலாம். மவுஸ்காரர்களையும் மெதுவாக விசைக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ரிப்பன் திரையை அடைக்கிறது என்பவர்களுக்குக் கன்ட்ரோலும் எஃப்1-ம். முதலில் ஒரு கணினியில் மட்டும் போட்டு, அலுவலகத்தில் அதிகம் குறை சொல்கிறவரிடம் கொடுக்கிறேன். பதினைந்து நாளில் அவர் தருகிற பட்டியல் வேறு யாரும் தர முடியாதது. இலவச ஆஃபீஸ் தொகுப்பான லிப்ரே ஆஃபீஸ் போலத் தேர்வு கொடுக்கிற மென்பொருள் என்றால் வேலை பாதி மிச்சம். 2019-ல் 6.2 பதிப்பிலேயே ரிப்பன் மாதிரியான தாவல் பட்டையைக் கொடுத்தும், பழைய டூல்பாரை அவர்கள் எடுக்கவில்லை. வேண்டியவர் மாற்றிக்கொள்ளலாம். மாதக் கடைசி, மார்ச், செப்டம்பர் மூன்றிலும் எந்தக் கணினியிலும் கை வைப்பதில்லை.

போன மாதம் அந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கணக்காளர் ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிறது. அவர் இடத்தில் அவரிடம் வேலை கற்ற ஒரு பெண் இருக்கிறார். எக்செலில் ஒரு பத்தியை நகலெடுத்தார். ஆல்ட், ஈ, எஸ், வி, என்டர்.

"இது எந்த மெனுன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"மெனுவா? தெரியாது சார். பெரியவர் இப்படித்தான் பண்ணுவார்."