சிம் அட்டை யார் பெயரில் இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தொழில் நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்: இணையக் குற்றச் சட்டத்தைப் பற்றிக் கேட்பதற்காக யாரும் என் அலுவலகப் படியேறியதில்லை. "போலீசிலிருந்து கூப்பிட்டிருக்காங்க" என்றுதான் வருகிறார்கள். செம்பனைத் தோட்டமொன்றில் வேலை செய்யும் ஓர் அம்மாவும் அப்படித்தான் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கோயில் கணக்கைக் கேள்வி கேட்டு, நிர்வாகத்திலுள்ள ஒருவரைக் கடுமையாகத் திட்டிய குரல்பதிவு ஒன்று புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பரவியிருந்தது. அது புறப்பட்ட எண் இவர் பெயரில் பதிவாகியிருந்தது.

"சிம் என் பேருலதான் இருக்கு ஐயா. ஆனா அந்த போன நான் தொட்டதே இல்ல."

பிறப்புப் பத்திரச் சிக்கலால் அடையாள அட்டை கிடைக்காமல் தவிக்கும் தங்கை மகனுக்காக, தம் அட்டையைக் கொடுத்து அந்தச் சிம்மை வாங்கித் தந்திருக்கிறார். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் இது அன்றாடம் நடப்பது. யாரும் இதைத் தவறென்று நினைப்பதில்லை.

ஆனால் 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு இதை வேறு விதமாகப் பார்க்கிறது. ஒரு பதிவு எந்த இணைப்பிலிருந்து வெளியானதோ, அந்த இணைப்பின் பதிவுபெற்ற சந்தாதாரரே அதை வெளியிட்டார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். எந்தக் கணினியிலிருந்து புறப்பட்டதோ, அதைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும், அந்தப் பதிவில் உரிமையாளர் அல்லது நிர்வாகி என்று பெயரோ படமோ போட்டுக்கொண்டவருக்கும் அதே அனுமானம் பொருந்தும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை அவர் தலையில் விழுகிறது. குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை என்று படித்து வந்த எனக்கு, இந்தப் பிரிவு இன்றுவரை உறுத்துகிறது. வசதியுள்ளவர் நிபுணரை அமர்த்திக் கருவியை ஆராயச் செய்வார். ஒரே வைஃபையை நான்கு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்), எந்தக் கையிலிருந்து எது போனது என்று ஒரு கூலித் தொழிலாளி எதை வைத்து நிரூபிப்பார்?

தண்டனையும் இப்போது சிறியதல்ல. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் முன்பு உச்ச அபராதம் 50,000 ரிங்கிட், சிறை ஓராண்டு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை 500,000 ரிங்கிட், ஈராண்டு என்று உயர்த்திவிட்டது. ஆபாசம், பொய், மிரட்டல் ஆகியவற்றோடு 'மிகவும் புண்படுத்தும்' உள்ளடக்கமும் அதில் அடங்குகிறது. எது மிகவும் புண்படுத்துகிறது என்பது கேட்பவரின் மனத்தைப் பொறுத்தது. அதனால், கணக்கு வழக்கைக் கேட்க நியாயம் உள்ளவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதை நான் கண்ணாரக் காண்கிறேன்.

இச்சட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலையில், டிக்டாக்கில் அறியப்பட்ட நம் தமிழ்ப் பெண் ஒருவர் இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டதும், அவ்வழக்கில் ஒருவருக்கு வெறும் 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டதும் நம்மால் மறக்கக்கூடியவை அல்ல. அதன்பின் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த 507பி முதலான பிரிவுகள், துன்புறுத்துவதையும், துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் சொந்த விவரங்களைப் பரப்புவதையும் நேரடியாகக் குற்றமாக்கின. அவற்றை மனமார வரவேற்கிறேன். யாருக்கு என்ன தீங்கு என்று அவை தெளிவாகக் கேட்கின்றன.

அந்தரங்கத்தைப் பற்றிப் பேசினால், "ஒளிக்க நமக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் பாட்டிக்கு ஊரிலிருந்து வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். எழுதப்படிக்கத் தெரியாததால் தோட்ட எழுத்தரான கிராணி பிரித்துப் படித்துச் சொல்லுவார். பாட்டி, தம் தங்கையின் வீட்டுச் சண்டை லயம் முழுக்கத் தெரிந்துவிட்டதைக் கடைசிவரை சொல்லி வருந்தினார். கைப்பேசியில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு. அரசியலமைப்பின் 5ஆவது விதி சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூறியது. ஆனால் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே. கூட்டரசு, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவோ, சோதனையிடும் போலீசாருக்குக் கடவுச்சொல் உட்பட வழங்க வேண்டும் என்கிறது.

ஆகவே அழைப்பு வந்தால் பதறி எதையும் அழிக்காதீர்கள். அழித்தது உங்களுக்கு எதிராகவே திரும்பும். கைப்பேசியை எடுத்துக்கொண்டால் அதற்குரிய ரசீதையும், புகார் எண்ணையும், அதிகாரியின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்கீழ் வாக்குமூலம் கொடுக்கும்போது, உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். நீங்கள் பேசிய மொழியிலேயே வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தமிழில் சொன்னீர்களானால் தமிழில் கேட்ட பிறகு கையொப்பமிடுங்கள். மலாய் சரியாகப் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்த அம்மாவின் நலனும் தங்கை மகனின் நலனும் மோதியதால், பையனை வேறு வழக்கறிஞரிடம் அனுப்பினேன். அம்மாவின் மீது குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. அதன்பின் அவரைத் தொலைத்தொடர்புக் கடைக்கு அழைத்துச் சென்று, அவர் அடையாள அட்டையில் எத்தனை எண்கள் பதிவாகியுள்ளன என்று கேட்டோம். நான்கு இருந்தன. மூன்றுக்கு உரியவர்களின் பெயரைச் சொன்னார். நான்காவது எண்ணைக் கண்ணாடி போட்டு இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அது யாருடையது என்று தெரியவில்லை என்றார். அன்றே அதை ரத்து செய்யச் சொல்லிக் கையொப்பமிட்டார்.