பூ தலைகாட்டியதும் மடக்கிவிடுங்கள்: வீட்டுத் தோட்டத்தில் பசுந்தாளும் கேழ்வரகும்

மதுரையின் புறநகர்ப் பகுதிகளில் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்து யோசனை சொல்வது என் வேலை. மாசி முடிந்து பங்குனி பிறந்தால் எல்லா வீட்டிலும் ஒரே காட்சி. கத்தரி, அவரை, வெண்டை எல்லாம் ஓய்ந்திருக்கும். பழைய செடிகளை வேரோடு பிடுங்கி, ஒரு சருகுகூட இல்லாமல் பாத்தியைக் கூட்டி வைத்திருப்பார்கள். பார்க்கிற எனக்கு மனம் பதைக்கும். ஆடிப் பட்டம் வரை அந்த மண் வெயிலில் வெந்து கிடக்கும். மேல்மண் இறுகிவிடும். சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் கரைத்துக்கொண்டு தெருச் சாக்கடைக்கு ஓடிவிடும்.

நெல் வயலில் பசுந்தாள் பயிர் விதைத்து, பச்சையாக இருக்கும்போதே மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவது நமக்குப் புதிதல்ல. அதையே இரண்டு சென்ட் தோட்டத்திலும் செய்யலாம். வயலுக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்றால், ஒரு சென்டுக்கு 200 கிராம் போதும். தண்ணீர் தேங்கும் மண்ணுக்கும் உப்புப் பூத்த மண்ணுக்கும் தக்கைப்பூண்டுதான் சரி. தண்ணீர் நன்றாக வடியும் மண் என்றால் சணப்பை. தண்ணீரே அரிது என்றால் கொளுஞ்சி. அதன் விதைத்தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைத்தால்தான் சீராக முளைக்கும். ஆடு மாடுகளும் அதைச் சீண்டுவதில்லை. வேலி இல்லாத மனைகளுக்கு இது பெரிய வசதி.

விதைப்பதில் யாரும் தவறுவதில்லை. வெட்டுவதில்தான் தவறுகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் தக்கைப்பூண்டு ஆளுயரத்துக்கு வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்து நின்றது. தேனீக்கள் மொய்த்தன. வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. எண்பது நாள் கழித்து, தண்டு விறகாக முற்றிய பிறகு வெட்டிப் புதைத்தார். அதன்மேல் நட்ட கத்தரி நாற்று மூன்றே வாரத்தில் வெளிறிப்போனது. முற்றிய தண்டில் கரிச்சத்து (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாற்று பட்டினி கிடக்கும். ஆகவே 40 முதல் 45 நாளுக்குள், முதல் பூ தலைகாட்டும்போதே அரிவாளால் அறுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மண்வெட்டியால் கொத்திவிடுங்கள். தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நாள் மட்கவிட்டு, பிறகு நடுங்கள். ஏற்கெனவே முற்றிவிட்டதா? புதைக்க வேண்டாம். வேரை மண்ணிலேயே விட்டு, அறுத்த தண்டை மேலே மூடாக்காகப் பரப்பிவிடுங்கள்.

இன்னொரு வீட்டு அம்மா ஒருநாள் பதறிப்போய் அழைத்தார். “தம்பி, தட்டைப்பயறு வேரெல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடவா?”

“பொறுங்கள் அம்மா. ஒரு கட்டியை நகத்தால் தள்ளிப் பாருங்கள். தனியாக உதிர்கிறதா?”

உதிர்ந்தது. கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அது நோயல்ல, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு. உதிராமல் வேரே வீங்கித் திரண்டிருந்தால்தான் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. நூற்புழு உள்ள மண்ணில் தட்டைப்பயறு விதைத்தால் அந்தப் புழுவுக்கு நாமே தீனி போட்டதாகும். அங்கே சணப்பையோ செண்டுமல்லியோ போடுங்கள். இரண்டும் அதன் பெருக்கத்தைக் குறைக்கும்.

இனி சிறுதானியம். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, தினையும் சாமையும் விதைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் தினை, சாமை, குதிரைவாலி, வரகு, பனிவரகு ஐந்துக்கும் உமி உண்டு. ஐந்து கிலோ சாமையைக் கையில் வைத்துக்கொண்டு உமி நீக்க ஆலை தேடி அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். உரலும் உலக்கையும் குத்தும் பழக்கமும் இருக்கும் வீடு என்றால் விதையுங்கள். இல்லையென்றால் கேழ்வரகில் தொடங்குங்கள். கம்புக்கும் உமித் தொல்லை இல்லை. ஆனால் குருவியும் கிளியும் கதிரை விட்டுவைக்காது. வேறொன்றும் சொல்ல வேண்டும்: மளிகைக் கடையில் விற்கும் சாமை அரிசி, தினை அரிசி எல்லாம் உமி நீக்கியவை. அவற்றை விதைத்து முளைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். விதைக்கென்று உமியோடு உள்ளதை வாங்குங்கள்.

கேழ்வரகுக்கு ஒரு சென்டுக்கு 20 கிராம் விதை போதும். சிறு பாத்தியில் நாற்றுவிட்டு, 18 முதல் 20 நாளில் பிடுங்கி, வரிசைக்கு 30 செ.மீ., செடிக்கு 10 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஏறத்தாழ நூறு நாளில் கதிர் பழுக்கும். எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றாது. பாதிக் கதிர் பழுப்பானதும் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து மறுமுறையும் அறுக்க வேண்டும். வெயிலில் காயவைத்துத் தடியால் அடித்து முறத்தில் புடைத்தால் தானியம் கைக்கு வந்துவிடும். மண் நன்றாக இருந்தால் ஒரு சென்டில் ஆறேழு கிலோ எதிர்பார்க்கலாம். ஒரு குடும்பம் சில வாரங்களுக்குக் கூழும் களியும் வைத்துக்கொள்ளலாம்.

சிலர் பல தானியங்களையும் பயறுகளையும் எண்ணெய் வித்துகளையும் கலந்து தூவி, பூக்கும் பருவத்தில் மடக்குகிறார்கள். மண்ணுக்கு அருமையான முறை. ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். அந்தக் கலவையில் ஆமணக்கு இருந்தால், குழந்தைகள் உள்ள வீட்டில் அது காய்க்கும்வரை நிற்கக் கூடாது. அதன் விதை கடும் நஞ்சு. இளஞ்சோளப் பயிரை அறுத்து ஆட்டுக்குப் போடாதீர்கள், பூக்கும் முன், அதிலும் வாடிய சோளத்தில், சயனைடு நஞ்சு இருக்கும், உயிரே போய்விடும். பூசண மருந்து கலந்து சிவப்புச் சாயம் ஏற்றிய விதை மிச்சமானால் கழுவிச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது.

கதிரை அறுத்த பிறகு கேழ்வரகுத் தாளைக் கொளுத்தாதீர்கள். மாடு இருந்தால் தீவனம். இல்லையென்றால் அதே பாத்தியில் பரப்பி, இடையிடையே குச்சியால் குழி போட்டுக் கொள்ளு ஊன்றுங்கள். பனி ஈரத்திலேயே கொடி பிடித்து அடுத்த வெயிலுக்குள் மண்ணை மூடிவிடும்.